ஏழாம் படத்தின் முன்னால் ஒருவர்

ஓவியர் ஜொகராவின் இணையதளத்துக்குள் போன தேவசகாயம், பத்தொன்பதாவது நாளாக ஏழாம் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் போனது படம் வாங்குவதற்காக. புது வீட்டின் முன்னறைச் சுவர் காலியாக இருந்தது. "நல்லதா ஒண்ணு நான் பாத்து எடுக்கேன்" என்றாள் அவர் மனைவி ஸ்டெல்லா. "நம்ம வீட்டுச் சுவருக்கு நான் பாக்காமப் படமா?" என்றார் தேவசகாயம். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு மருத்துவமனையின் தொலைபேசி அறையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இணையதளங்களில் அவர் விசைப்பலகையின் டேப் பொத்தானை அழுத்தி, நிறுத்தம் நிறுத்தமாக நடப்பார். ஜொகராவின் தளத்தில் ஆறு படங்கள் வரை ஒழுங்காக நடந்துவிட்டார். ஏழில் நின்றுபோனது.

அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தளத்தைக் கட்டும்போது ஜொகரா, கட்டிக் கொடுத்தவரிடம், "ஏழாவது படத்த மட்டும் யாரும் சட்டுன்னு தாண்டிப் போயிரக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தார். கட்டிக் கொடுத்தவர் சொன்னபடி செய்கிற மனிதர். அந்தப் படம், தன்னை முழுதாகக் கொடுத்து முடித்த பிறகுதான் ஆளை விடும். பார்வை உள்ளவர்களை மூன்று நான்கு நிமிடத்தில் விட்டுவிடும். பார்வை இல்லாதவர்களுக்கு, படத்தோடு ஒரு விவரிப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். தளத்தில் இருக்கும் குரல் அதை வாசித்துக் காட்டும். மற்ற ஆறு படங்களுக்கும் எழுதியிருந்தார்கள். ஏழாம் படத்துக்கு எழுதவில்லை. எழுதாவிட்டால் குரல் கோப்பின் பெயரை வாசிக்கும். ஆகவே அது பத்தொன்பது நாளாகத் தேவசகாயத்திடம், "ஏழு, புதுசு, கடைசி, கடைசி இரண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஓர் இணையதளத்துக்குள் எங்கிருந்து நுழைந்தாலும், வெளியே வருவது தொடர்புப் பக்கத்தின் வழியாகத்தான். தொடர்புப் பக்கத்தில் ஜொகராவின் இடலாக்குடி வீட்டு முகவரி போட்டிருந்ததால், அது அந்த வீட்டின் முன்கேட்டில் திறந்தது. ஸ்டெல்லா தினமும் காலையில் அங்கே வந்து, தான் இயந்திரம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, செய்திக் கட்டத்தின் வழியாகக் கணவருக்கு இட்லி அனுப்பினாள். கட்டம் முந்நூறு எழுத்துதான் கொள்ளும். அதில் ஏழு இட்லி போனது. இணைப்புகள் அனுப்ப வசதி இல்லாததால் சாம்பார் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அனுப்பிய மீன் குழம்பு வேண்டாத செய்திகளுக்குள் போய்விழுந்தது. ஜொகரா அதை மூன்று நாள் கழித்து, வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

மீன் குழம்புக்குப் பிறகு ஸ்டெல்லா புகார் எழுதினாள். புகார், இணையதளத் தகுதிச் சோதனை அலுவலகத்தில் மூத்த ஆய்வாளர் இசக்கியம்மாளின் மேசைக்கு வந்தது.

இசக்கியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை. ஒரு தளத்தில் யார் யார் நடக்க முடியும், யார் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று பார்த்து எழுதுவது. அவள் எழுதும் அறிக்கைகளில் கோபம் இருக்காது. "இங்கே ஒரு படி உள்ளது. படி இருப்பது தெரியவில்லை. மூவர் விழுந்தனர்" என்று எழுதுவாள். புகாரைப் படித்ததும் அவள் முதலில் நாளை எண்ணிப் பார்த்தாள். விதிப்படி, ஒரு தளத்தில் ஒரே இடத்தில் இருபத்தோரு நாள் அசையாமல் நிற்கும் பார்வையாளர், அந்தத் தளத்தின் உள்ளடக்கமாகக் கருதப்படுவார். அன்று செவ்வாய்க்கிழமை. வியாழன் மாலை ஆறு மணிக்கு இருபத்தோரு நாள் முடிகிறது.

அன்று காலையே அவள் தளத்துக்குள் போனாள்.

முகப்புப் படம் கனமானது. அது வந்து சேர நாற்பது வினாடி ஆனது. அதுவரை அவள் வெள்ளையில் நின்றாள். பிறகு ஓர் ஆள் குறுக்கே வந்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் செய்தி மடல் அனுப்புவதாகச் சொன்னார். மரியாதையானவர்தான். ஆனால் அவரை விலக்கும் பெருக்கல் குறி கடுகளவு இருந்தது. விரல் நடுக்கம் உள்ளவர்களால் அவரைக் கடக்க முடியாது. பக்கங்களின் பெயர்கள் வெள்ளைச் சுவரில் சந்தன நிறத்தில் இருந்தன. அவள் நிற அட்டையை வைத்துப் பார்த்தாள். நல்ல வெயிலில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் அவை தெரியாது. 'அடுத்தது' என்ற அம்புக்குறியை ஜொகரா தூரிகையால் அழகாக வரைந்திருந்தார். அதனால் அது பொத்தானாக இல்லாமல், அம்புக்குறியின் ஓவியமாக இருந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே ஏழாம் படத்துக்கு வந்தாள்.

தேவசகாயம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"ஆபீஸ்ல இருந்தா?" என்றார்.

"ஆமா அண்ணே. இசக்கியம்மாள்."

"இருபத்தெட்டு வருசம் எல்லாரையும் 'லைன்லயே இருங்க'ன்னு சொன்னேன். இப்ப இது என்னைய வச்சிருக்கு." அவர் சிரித்தார். "எத்தன பேர வச்சிருந்தேனோ."

"உக்கார நாற்காலி ஏதும்..."

"வேண்டாம். உக்காந்தா படத்துக்குக் கீழ போயிருவேன். என்னன்னு மட்டும் சொல்லுங்க."

இசக்கியம்மாள் படத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடத்தில் படம் அவளை விட்டது. அந்த நான்கு நிமிடத்தில் நெஞ்சில் ஏதோ வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அதைப் பற்றி எழுதப் படிவத்தில் இடம் இல்லை. அவள் பழக்கப்படி, இருப்பதை இருப்பதுபோல எழுதி, விவரிப்புக் கட்டத்தில் சேர்த்தாள். குரல் அதை உடனே வாசித்தது.

"சாம்பல் நிறப் பின்னணி. குறுக்கே ஒரு கொடி. கொடியில் வெள்ளைத் துணி ஒன்று தொங்குகிறது. வலது ஓரத்தில் ஒரு நாற்காலியின் பாதி."

தேவசகாயம் கவனமாகக் கேட்டார். ஒரு காலை எடுத்து முன்னால் வைக்கப் பார்த்தார். கால் நகரவில்லை.

"சரி" என்றார். "துணி தொங்குது. அதுக்கு என்ன?"

இசக்கியம்மாள் தான் எழுதியதை மறுபடி வாசித்தாள். அவள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. விவரிப்புக்கு விதித்திருந்த நூற்றிருபத்தைந்து எழுத்துக்குள்ளும் அடங்கியிருந்தது.

தொடர்புப் பக்கம் வழியாக வெளியே வந்து, ஜொகராவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜொகராவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விரல் நகங்களில் சாம்பல் நிற வண்ணம். தளத்தின் சொந்தக்காரர்கள் பின்வாசல் வழியாக மட்டுமே தளத்துக்குள் போக முடியும். ஜொகராவுக்கு அந்த வாசல் அடுக்களையில் இருந்தது. அதன் வழியாகப் போனால் படங்களின் முதுகுப் பக்கம்தான் வரும். தன் தளத்தை முன்பக்கமிருந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பாவம் அவங்க" என்றார் ஜொகரா. "அன்னாடம் காலைல அந்தம்மா கேட்டுல நின்னு இட்லி அனுப்புறத ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருக்கேன். எனக்குச் சோறு எறங்கல."

"அந்தப் படத்துக்கு ஒரு விவரிப்பு எழுதிக் குடுத்தாப் போதும் அக்கா. பெருசா வேண்டாம்."

"வாயால சொல்ல முடிஞ்சா நான் ஏன் வரையப் போறேன்?"

"ஆறு படத்துக்கு எழுதியிருக்கியளே."

"அது ஆறும் வேற. இது வேற."

அவர் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். முன்பு ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே ஒட்டியிருந்ததாம். எழுதியவர் பெரிய படிப்பாளி. இசக்கியம்மாள் அதையும் கட்டத்தில் சேர்த்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். குரல் வாசித்தது: "இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான வெளியில் நிகழும் நிறமற்ற உரையாடல்."

தேவசகாயம் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

"இதுக்கு நான் பதில் எழுதிப் போடணுமா?" என்று கேட்டார்.

கால் நகரவில்லை.

விதிப் புத்தகத்தில் இன்னொரு வழி இருந்தது. ஒரு படத்தை 'அலங்காரம்' என்று குறித்துவிட்டால், குரல் அதை வாசிக்காது. படமும் யாரையும் நிறுத்தாது. வெறும் சுவரைப்போல ஆகிவிடும். படத்தை ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்றால் முடியாது, முன்னால் நிற்பவரும் சேர்ந்து போய்விடுவார். ஆகவே அலங்காரம் ஒன்றுதான் மிச்சம். இசக்கியம்மாள் அதை ஜொகராவிடம் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஜொகரா நெடுநேரம் நகத்திலிருந்த வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அலங்காரம்னு போட்டா அந்த மனுசன் வீடு போய்ச் சேருவாரா?"

"சேருவார்."

"அப்ப போட்டுக்கிடுங்க." கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி, அதே இடத்தில் திரும்ப வைத்தார். "நான் உயிரோட இருக்கும்போது எப்படியும் முன்பக்கம் வந்து அதப் பாக்கப் போறதில்ல, அவ்வளவுதானே."

புதன்கிழமை காலை, இசக்கியம்மாள் படிவத்தோடு ஏழாம் படத்துக்குப் போனாள். முன்னால் நிற்கும் பார்வையாளரும் கையெழுத்திட வேண்டும். "இந்தப் படத்தால் நான் எதையும் இழக்கவில்லை" என்ற வரியின் கீழே.

தேவசகாயம் வரியை இரண்டுமுறை வாசிக்கச் சொன்னார்.

"இருபது நாளா நான் அலங்காரத்துக்கு முன்னாலயா நின்னேன்?"

"அப்படி இல்ல அண்ணே. வெளிய போக இது ஒரு வழி."

"வழி வேணுந்தான். ஆனா இதுல போனா வீட்டுல போய் என்ன சொல்ல? ஸ்டெல்லா கேப்பா, என்ன பாத்தீயன்னு. ஒண்ணுமில்லன்னு சொல்லவா?" அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "அலங்காரம்னா, பாக்கவங்கள அது எதுக்கு நாலு நிமிசம் பிடிச்சு வைக்கி? உங்களையும் வச்சிருந்துதே. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஒரு மூச்சு இழுத்தீங்க."

அது சரியான கேள்வியாக இருந்ததால், இசக்கியம்மாள் அதை ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மதியம் ஸ்டெல்லா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையில் காலி இட்லித் தூக்கு.

"கையெழுத்து போடமாட்டேன்னுட்டாவளா?" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "முப்பத்துநாலு வருசமா இதேதான் மேடம். கூட்டுல என்ன காய் போட்டிருக்குன்னு சொல்லாம ஒரு வாய் வைக்கமாட்டாவ. சொன்னாலும் விட மாட்டாவ. காய் இளசா முத்தலா, யார்ட்ட வாங்கினே, அவ என்ன சொன்னா... கேட்டு முடியதுக்குள்ள சோறு ஆறிரும்."

கண்காணிப்பாளர் தாணுலிங்கம் அடுத்த மேசையிலிருந்து இருமினார். அவர் முன்யோசனைக்காரர். வியாழன் மாலைக்குத் தேவைப்படும் படிவத்தை இப்போதே பாதி நிரப்பி வைத்திருந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. ஆறு மணிக்கு மேல ஆனா எப்படியும் பதியணும். உள்ளடக்கத்தின் வகைன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆள் உருவம், கலப்பு ஊடகம்னு போட்டிருக்கேன். சரியா இருக்குமா?"

"எங்க வீட்டுக்காரரு கலப்பு ஊடகமா?" என்றாள் ஸ்டெல்லா.

"சட்டையும் சேத்து வருதுல்லா, அதனால."

ஸ்டெல்லா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் இசக்கியம்மாளிடம் மட்டும் கேட்கும்படி, "உள்ள குளிருமா மேடம்?" என்று கேட்டாள்.

"குளிராது. காத்து இல்ல, வெயில் இல்ல."

"போர்வையும் முந்நூறு எழுத்துக்குள்ள வராது. அதான் கேட்டேன்."

இறுதிச் சோதனையைப் பார்வை இல்லாமல் செய்ய வேண்டும் என்பது அலுவலக வழக்கம். வியாழன் காலை பத்து மணிக்கு இசக்கியம்மாள் தன் பார்வையைத் தாணுலிங்கத்திடம் ஒப்படைத்தாள். அவர் அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் மோருக்குப் பக்கத்தில் வைத்தார். பார்வையை ஒப்படைத்தால் அதுவரை பார்த்தவையும் அதோடு போய்விடும். ஏழாம் படம் எப்படி இருந்தது என்பது இப்போது அவளுக்கு நினைவில்லை. தான் எழுதிய வரிகள் மட்டும் ஞாபகம் இருந்தன. சாம்பல், கொடி, துணி, பாதி நாற்காலி.

"மோர்னு நெனச்சு மாத்தி எடுத்துராதீங்க சார்."

"இத்தன வருசத்துல ஒரு தடவதானே அப்படி ஆச்சு" என்றார் தாணுலிங்கம்.

டேப் பொத்தானால் நடக்கும்போது தளம் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் குரல், தளத்தின் பதினான்கு பக்கங்களின் பெயரையும் முதலிலிருந்து வாசித்தது. அதைத் தாண்டிப் போக வழி வைக்கவில்லை. பார்வையுள்ளவர்கள் ஒரு நொடியில் ஒதுக்கிவிட்டுப் போவதை, அவள் ஏழு முறை முழுதாகக் கேட்டாள். அவள் ஏழாம் படத்துக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. வந்ததும் கால்கள் நின்றுபோயின.

"யாரு?" என்றார் தேவசகாயம். உடனே, "மேடமா? நட வேற மாதிரி இருக்கே. கண்ண எங்க வச்சிட்டு வந்தீங்க?"

"ஆபீஸ்ல."

"எத்தன மணிக்குத் திரும்பத் தருவாங்க?"

"அஞ்சு மணிக்கு."

"வசதிதான்" என்றார் அவர். அதில் குத்தல் எதுவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். பக்கவாட்டில் நகர்வதற்கு மட்டும் ஓர் அடி இடம் இருந்தது.

இருவரும் படத்தின் முன்னால் நின்றார்கள். குரல் மறுபடியும் நிறமற்ற உரையாடலை வாசித்தது. தேவசகாயம் இரண்டு இட்லியை அவளுக்குக் கொடுத்தார். மிளகாய்ப் பொடி எப்படியோ உள்ளே வந்திருந்தது. அது எழுத்துக் கணக்கில் சேராதாம், ஸ்டெல்லா கண்டுபிடித்திருந்தாள்.

மூன்று மணி இருக்கும். படத்துக்குப் பின்னாலிருந்து பாத்திரங்கள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. அடுக்களை வாசல் திறந்தது.

"இசக்கியம்மா, உள்ளதான் இருக்கியளா?" ஜொகராவின் குரல் படத்தின் முதுகிலிருந்து வந்தது. "ஆபீஸ்ல சொன்னாங்க, நீங்களும் மாட்டிக்கிட்டிய, அந்த அண்ணன் கையெழுத்தும் போடலன்னு."

"போடல" என்றார் தேவசகாயம். "நீங்கதான் வரைஞ்சவங்களா? வணக்கம். பக்கத்துலதான் இத்தன நாளா இருந்திருக்கோம்."

"நீங்க போட்டிருக்கலாமே அண்ணே. நானே போட்டுட்டேனே."

"உங்க படம், நீங்க போடலாம். நான் எப்படிப் போட? என்னன்னே தெரியாதே."

இசக்கியம்மாள், படங்களைச் சோதிக்கும் படிவம் நான்கை நினைவிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். படத்தின் அளவு என்ன, நிறங்கள் எவை, எழுத்து உண்டா என்று வரிசையாகப் போகும். பதினோராவதாக ஒரு கேள்வி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவள் அதில் 'பொருந்தாது' என்று தானே எழுதிவந்தாள். யாரிடமும் கேட்டதில்லை.

"அக்கா, படிவத்துல ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றாள். "இந்தப் படத்த இங்க இருந்து எடுத்துட்டா என்ன கொறையும்?"

"ஒண்ணும் கொறையாது" என்றார் ஜொகரா.

இசக்கியம்மாள் காத்திருந்தாள். தேவசகாயமும் காத்திருந்தார். லைனில் ஆள் இருக்கும்போது பேசாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

"அது ஒரு சின்ன விசயம்" என்றார் ஜொகரா. "சொன்னாச் சிரிப்பீங்க."

"சிரிச்சா என்ன?" என்றார் தேவசகாயம். "இருபத்தோரு நாள்ல ஒரு தடவதான் சிரிச்சிருக்கேன்."

"என் தங்கச்சி சுலைஹா. நானும் அவளும் ஒரே வீட்டுலதான் இருந்தோம். அவளுக்கு மதுரைல வேல கெடைச்சுது. சித்திரையில ஒரு புதன்கிழம குளிச்சா, தல துவட்டின துவர்த்தக் கொடில போட்டா, பத்தர மணி பஸ்ஸுக்குப் போயிட்டா."

"கோவிச்சுக்கிட்டா?"

"சேச்சே. நல்லாத்தான் போனா. போய்ச் சேந்து போனும் போட்டா. அடுத்த வாரமே அல்வா வாங்கிட்டு வந்தா. இப்பவும் மாசம் ரெண்டு தடவ வரா. அதான் சொன்னேன்லா, ஒண்ணுமே இல்லன்னு." அவர் நிறுத்தினார். "ஆனா அவ போனப்பறம் வீட்டுக்குள்ள வந்து பாத்தா, அந்தத் துவர்த்து தொங்கிட்டு இருக்கு. நான் பக்கத்துல நாற்காலியப் போட்டு வரைய உக்காந்தேன்."

"என்ன துவர்த்து?" என்றார் தேவசகாயம்.

"ஈரிழைத் துவர்த்து."

"கட்டமா, வெள்ளையா?"

"வெள்ள. ஓரத்துல பச்சக் கர."

"ஈரிழைன்னா சித்திரை வெயிலுக்கு அரை மணி நேரத்துல காஞ்சிருமே. அதுக்குள்ள எப்படி வரைஞ்சீங்க?"

அடுக்களையில் குழாய் சொட்டுவது கேட்டது. ஜொகரா அதை இறுக மூடினார்.

"காய விடல" என்றார். "பக்கத்துல ஒரு சொம்புல தண்ணி வச்சுக்கிட்டேன். காயக் காயத் தெளிச்சேன். சாயங்காலம் வர. அஞ்சு சொம்பு தண்ணி ஆச்சு. காஞ்சிட்டுன்னா அவ போயிட்டான்னு ஆயிரும், பாத்துக்கிடுங்க. அதுவர அவ குளிச்சிட்டு இப்பத்தான் அந்தப் பக்கம் போன மாதிரி இருந்துது." பிறகு, "இத எப்படி அந்தக் கட்டத்துல எழுத?" என்றார். "நாப்பத்தொம்பது வயசுல ஒருத்தி துவர்த்துக்குத் தண்ணி தெளிச்சிட்டு இருந்தான்னு?"

தேவசகாயம் சிரிக்கவில்லை.

"தெளிச்சீங்களா" என்று மட்டும் கேட்டார்.

"தெளிச்சேன்."

"அஞ்சு சொம்பு."

"அஞ்சு."

அவர் மூச்சை மெல்ல இழுத்தார். இசக்கியம்மாளுக்குக் கேட்டது. அதன் பிறகு அவர் வலது காலை எடுத்து முன்னால் வைத்தார். கால் போனது. சற்று நேரத்தில் இசக்கியம்மாளுடைய கால்களும் இலேசாயின.

அவள் அங்கேயே நின்று, விவரிப்பைச் சொல்லச் சொல்ல, ஜொகரா பின்பக்கமிருந்து கட்டத்தில் எழுதினார். "கொடியில் ஈரத் துவர்த்து. துவட்டியவள் ஊருக்குப் போய்விட்டாள். காயாமல் இருக்க அக்கா தண்ணீர் தெளிக்கிறாள்." நூற்றிருபத்தைந்து எழுத்துக்குள் அடங்கியது. நாற்காலியை எழுதவில்லை. நாற்காலி இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது என்று ஜொகரா சொன்னார். அம்புக்குறியைப் பொத்தானாக மாற்றவும் அப்போதே ஒப்புக்கொண்டார், ஓரத்தில் கொஞ்சம் தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி.

தொடர்புப் பக்கத்துக்கு வந்தபோது மணி நாலே முக்கால். கேட்டில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். கணவரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள்.

"என்ன பாத்தீய?" என்றாள்.

"வீட்டுக்கு வா, நான் சொல்லுதேன். கொஞ்சம் நேரமாகும்."

"அதையே வாங்கிரலாமா?"

தேவசகாயம் யோசித்தார். "ஏழாவது வேண்டாம். முன்னறையில மாட்டினா வாரவங்க எல்லாம் நாலு நாலு நிமிசம் நிப்பாங்க, காப்பி ஆறிரும். மூணாவது போதும். அதுல ஒரு பலாப்பழம் இருக்கு."

"இருபத்தோரு நாளு ஏழாவதுக்கு முன்னால நின்னுட்டு மூணாவதா?" என்றாள் ஸ்டெல்லா. ஆனால் அவர் கையை விடவில்லை. ஜொகரா ஜன்னலிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் வீட்டில் சோறு வெந்துகொண்டிருந்தது.

இசக்கியம்மாள் அலுவலகம் திரும்பி, பார்வையை வாங்கிக்கொண்டு, அறிக்கையை எழுதி முடித்தாள். தளம் தகுதி பெறுகிறது, ஒன்பது திருத்தங்களுக்கு உட்பட்டு. பதினோராம் கேள்விக்கு எதிரே இருந்த இடம் போதாததால் தனித்தாள் இணைத்தாள். தாணுலிங்கம் கலப்பு ஊடகப் படிவத்தை நாலாக மடித்துக் குப்பையில் போட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் அலுவலகத்தில் மனு வாங்குவதில்லை. பன்னிரண்டே கால் மணிக்கு முட்டத்திலிருந்து கடல் வந்தது. வராந்தாவில் செருப்புகள் நனையாமல் ஓரமாக நின்று, மனுவை உயர்த்திப் பிடித்திருந்தது. நாற்பத்தொரு இணையதளங்களில் தன்னை 'நீலக் கடல்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்றும், இங்கே ஒரு ஆய்வாளர் உட்கார்ந்து கேட்பதாகத் தெரிந்து வந்ததாகவும் சொன்னது.

"நேரம் முடிஞ்சுதே" என்றாள் இசக்கியம்மாள். "திங்கக்கிழம காலைல பத்து மணிக்கு வாங்களேன்."

திங்கட்கிழமை காலையில் தனக்கு ஏற்றம் இருக்கிறது, பதினொன்றரைக்கு மேல் வந்தால் பரவாயில்லையா என்று கடல் கேட்டது.

வரலாம் என்று சொல்லி, அவள் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டாள்.